உட்காருவதற்கென்று ஒரு வயதா?

"வயசுக்கேத்த மாதிரி இருங்க."

நம்மிடையே புழங்கும் வாக்கியங்களுள் இதனை விடக் கொடியது வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனைய வசைகள் கோபத்தில் பிறப்பவை. கோபம் ஆறியதும் அவையும் ஆறிவிடும். இதுவோ அன்பின் பெயரால் சொல்லப்படுவது. மகன் சொல்வான், மகள் சொல்வாள், பக்கத்து வீட்டார் சொல்வர், கோயிலடியில் சந்திக்கும் பழைய மாணவன் சொல்வான். கேட்டவர் அடுத்த நாள் கதிரையில் அமர்வார். சில வருடங்களின் பின் அவரைக் கதிரையிலிருந்து எழுப்ப இருவர் தேவைப்படுவர். "பார்த்தீர்களா, வயதாகிவிட்டது" என்று அந்த இருவருமே சொல்வர்.

எமது ஊர் விளையாட்டு விழாக்களைக் கவனித்துப் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பையொட்டிக் கழகங்கள் நடத்தும் விழாக்களில் இளைஞருக்கு மரதன் உண்டு, சைக்கிளோட்டம் உண்டு, கயிறிழுத்தல் உண்டு. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு? சங்கீதக் கதிரை. அதாவது, உட்காருவதில் ஒரு போட்டி! ஒக்டோபர் 1ஆம் திகதி சர்வதேச முதியோர் தினம் வந்துவிட்டால் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, மாலை அணிவித்து, மூன்று மணி நேரம் உரைகளைக் கேட்கவைத்து, சோற்றுப் பார்சலுடன் வீட்டுக்கு அனுப்பிவைப்போம். முப்பது வருடங்களாகச் செய்தி சேகரித்துவரும் நான் இத்தகைய விழாக்கள் எத்தனையோ பற்றி எழுதியிருக்கின்றேன். முதியவர்களை எழுந்து நிற்கச் சொன்ன ஒரு முதியோர் விழாவை இதுவரை கண்டதில்லை. தேசிய கீதத்தைத் தவிர.

வயது மனிதரிடமிருந்து ஆற்றலைப் பறிக்கின்றது என்பதை நான் மறுக்கவில்லை. பறிக்கின்றது, ஆனால் சில்லறை சில்லறையாகப் பறிக்கின்றது. சமூகமோ மொத்தமாக, ஒரே நாளில் பறித்துக்கொள்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டிருப்பதே நம்மைப் பிடித்திருக்கும் நோய். வாவிக்கரையில் வாழும் எங்களுக்கு அந்நோய் உயிராபத்தானதும் கூட.

முதலில் பனிநாட்டுக் கதையொன்று. நோர்வேயில் குடியேறிப் பல வருடங்களான எனது பள்ளித்தோழர் ஒருவர், தமது ஐம்பத்து மூன்றாவது வயதில் பனிச்சறுக்குப் பழகத் தொடங்கினார். காலில் சறுக்குப் பலகையுடன் பிறப்பவர்கள் என்று நோர்வேஜியர்கள் தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நாட்டில் இத்தனை காலம் வாழ்ந்தும், பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காருக்குள் இருந்து தேநீர் குடித்தவர் அவர். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின் தாமே பனியில் இறங்கினார். ஆறு வயதுச் சிறுவர்களுடன் ஒரே சரிவில் நின்று பழகினார். வெள்ளைக்காரர் எவரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் எம்மவர்கள். "அண்ணனுக்கு இந்த வயசில இதெல்லாம் தேவையா?"

அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விடயம் மனதில் தங்கிவிட்டது. சின்னப்பிள்ளைகள் விழுந்தால் சிரிக்கின்றார்கள். நானோ விழுவதற்கு முன்னரே கணக்குப் பார்க்கின்றேன் என்று எழுதியிருந்தார். கை முறிந்தால் எத்தனை வாரம் வேலைக்குப் போக முடியாது, வீட்டுக்கடன் தவணையை யார் கட்டுவது, மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கணக்கு. வயதுடன் முதலில் மாறுவது தசையல்ல, இந்த மனக்கணக்குத்தான். இருபது வயதில் எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்று பார்க்கின்றோம். ஐம்பதில் விழுந்தால் என்ன போகும் என்று பார்க்கின்றோம். அத்தோழர் செங்குத்தான சரிவுகளை விட்டுவிட்டார். இப்போது காட்டுவழிச் சமதரைப் பாதைகளில் மணிக்கணக்காகச் சறுக்கிச் செல்கின்றார். இதனைப் பயம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் இதனை அறிவு என்பேன். பயந்தவர் வீட்டில் இருந்திருப்பார்.

அந்நாட்டவர் இந்த மாற்றத்தை நன்கு விளங்கிவைத்திருக்கின்றார்கள். ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர் தூரம் நடைபெறும் பிர்க்கபைனர் பனிச்சறுக்கோட்டம் புகழ்பெற்றது. முதுகில் 3.5 கிலோ பாரத்துடன் ஓட வேண்டும். ஆனால், திறமைச் சின்னத்தைப் பெறுவதற்கான நேரவரம்பு வயதுப் பிரிவுக்கு வயதுப் பிரிவு வேறுபடும். அறுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரருடன் அல்ல, அறுபது வயதுக்காரருடன் ஒப்பிடப்படுகின்றார். உலக மூத்தோர் நீச்சற் போட்டிகளில் 25 வயதிலிருந்தும், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் 35 வயதிலிருந்தும், ஐந்தைந்து வருடங்களாகப் பிரித்து மேலே மேலே போகின்றார்கள். ஒவ்வொரு வயதுக்கும் அதற்குரிய அளவுகோல். நம்மிடமும் ஓர் அளவுகோல் உண்டு. ஆனால் ஒன்றே ஒன்றுதான். இருபது வயது இளைஞனைப் போல் முடியுமா, முடியாதா? முடியாதென்றால் உட்கார்.

ஜப்பானியப் பனிச்சறுக்கு வீரர் யுயிச்சிரோ மியூராவின் வாழ்க்கையைக் கவனியுங்கள். 1970ஆம் ஆண்டு, தமது 37ஆவது வயதில், எவரெஸ்டின் ஏறத்தாழ 8,000 மீற்றர் உயரத்திலிருந்து பரசூட் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்கினார். இடையில் நிலைதடுமாறி நூற்றுக்கணக்கான மீற்றர் உருண்டு, பனிப்பிளவொன்றுக்கு அண்மையில் தெய்வாதீனமாக நின்றார். அதன் பின் 2003இல் 70 வயதிலும், 2008இல் 75 வயதிலும், 2013இல் 80 வயதிலும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். 2019இல், 86 வயதில், தென்னமெரிக்காவின் அக்கொன்காகுவா மலைக்குச் சென்றவர், உடன்சென்ற மருத்துவரின் சொற்கேட்டு நடுவழியில் திரும்பினார். என் பார்வையில் எவரெஸ்ட் உச்சியை விட உயர்ந்த இடம் அந்தத் திரும்புமிடம்தான். 37 வயதில் அவரை மலை நிறுத்தியது. 86 வயதில் அவரே நின்றார். வயது அவரிடமிருந்து பறித்தது வேகத்தை, கொடுத்தது நிதானத்தை. மலைக்கே போகாதே என்று அவரது ஊர் தடுத்திருந்தால் அந்த நிதானம் எங்கிருந்து வந்திருக்கும்?

விஞ்ஞானம் சொல்வதும் இதுவே. முப்பது வயதுக்குப் பின் தசைத்திணிவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகின்றது. உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல், சும்மா இருப்பவரிடம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீழ்கின்றது. விடாமல் பயிற்சி செய்பவரிடம் அவ்வீழ்ச்சி கணிசமாகக் குறைவு. ஆகவே, முதுமை என்று நாம் அழைப்பதில் ஒரு பகுதி முதுமை, மறுபகுதி கதிரை. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! நாம் ஐம்பத்தைந்தில் மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டிருக்கின்றோம்.

மனப்பாங்கின் பங்கும் சிறிதல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, தமது முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர் ஏனையோரை விட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். இதில் எது காரணம், எது விளைவு என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். ஆனால், "இனி என்ன இருக்கு?" என்று ஒரு மனிதரைக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய ஆயுளைக் கூட்டாது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

வெளிநாட்டாரின் கதை எதற்கு என்று கேட்போருக்காக நமது கடலுக்கே வருகின்றேன். வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். 1971இல், முப்பதைத் தொடாத இளைஞராக, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கும் 51 மணித்தியாலங்களில் நீந்தினார். அரை நூற்றாண்டு அச்சாதனை அசையவில்லை. அதனை 2021 ஏப்ரலில் முறியடித்தவர் இருபது வயதுக் காளையா? அல்லர். ரொஷான் அபேசுந்தர என்ற விமானப்படை வீரர். அப்போது அவருக்கு வயது 49. எடுத்துக்கொண்ட நேரம் 28 மணி 19 நிமிடம். கடலின் நீரோட்டமும் காற்றும் நாளுக்கு நாள் வேறுபடும் என்பதால் இருவருடைய நேரங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. ஆனால் 49 வயதில் ஒருவர் பாக்கு நீரிணையை இருமுறை கடக்கலாம் என்பது மட்டும் மறுக்கவியலாத உண்மை.

குமார் ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. "பார்த்தீர்களா, நாற்பதுக்கு மேல் இதெல்லாம் ஆகாது" என்று அந்த மரணத்தை உதாரணம் காட்டியோரை எனது இளமையில் கேட்டிருக்கின்றேன். அதே கால்வாயை 2014இல் தென்னாபிரிக்கரான ஒட்டோ தானிங் 73 வயதில் நீந்திக் கடந்தார். அவர் ஓர் இருதய சத்திரசிகிச்சை நிபுணர். உடலின் எல்லை எதுவென்று அறியாதவரல்லர். கடல் ஆபத்தானது. எல்லா வயதினருக்கும் ஆபத்தானது. வயதின் மீது மட்டும் அந்தப் பழியைப் போடுவது சோம்பலின் தர்க்கம். யுத்தம் தின்று துப்பிய முல்லைத்தீவு மண்ணிலிருந்து எழுபது வயதைக் கடந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். அன்று அவருக்கு மாலையிட்டவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுத் தாயை மாலையில் நடக்கவேனும் அனுமதித்தனர்?

இனி அமிர்தகழிக்கு வருகின்றேன். எனது ஊரின் பெயரிலேயே கழி இருக்கின்றது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் கரையில் எங்கள் வாழ்வு. எழுவான்கரையும் படுவான்கரையும் நீரால் பிரிந்து நீரால் இணைந்தவை. இங்கே ஒரு வேடிக்கையைக் காண்கின்றேன். அறுபத்தெட்டு வயது மீனவர் விடியப்புறம் மூன்று மணிக்குத் தோணியைத் தள்ளிக்கொண்டு தனியே வாவிக்குள் இறங்குகின்றார். இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிகின்றார். அவரைப் பார்த்து எவரும் "வயசுக்கேத்த மாதிரி இருங்க" என்று சொல்வதில்லை. அவர் உழைத்தாக வேண்டும். அதே வயதுடைய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாலையில் மகிழ்ச்சிக்காக நீந்தப் போனால் ஊரே கூடிவிடுகின்றது. ஆக, நாம் தடைசெய்வது முதியவரின் உடலை வருத்துவதையல்ல. முதியவர் உடலால் மகிழ்வதை. வயிற்றுக்காக என்றால் எந்த வயதும் வயது. மனதுக்காக என்றால் மட்டும் வயது போய்விட்டது.

பெண்களின் நிலை இன்னும் விசித்திரமானது. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் எழுபது வயது மூதாட்டி தீர்த்தக் குளத்தில் இறங்குகின்றார். பிள்ளைகள் கைப்பிடித்து இறக்குகின்றனர். புண்ணியம் என்கின்றோம். அதே மூதாட்டி அடுத்த வாரம் வாவியில் இறங்கி நாலு பாகம் நீந்தினால் புத்தி பிசகிவிட்டது என்போம். நீர் ஒன்றுதான், உடல் ஒன்றுதான். நமது அனுமதி மட்டுமே வேறு.

எனக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. இன்றும் வாவியில் நீந்துகின்றேன். இருபதில் நண்பர்கள் கரையில் நின்று பார்க்கவேண்டும் என்பதற்காக நீந்தினேன். காற்று எந்தப் பக்கம் என்று கூடப் பார்த்ததில்லை. இன்று முதலில் காற்றைப் பார்க்கின்றேன், பிறகு நீரின் நிறத்தைப் பார்க்கின்றேன். மாரியில் முகத்துவாரம் வெட்டப்பட்டு வெள்ளம் கடலுக்கு ஓடும் நாட்களில் இறங்குவதேயில்லை. கரைக்கு இணையாக, கால் ஊன்றக்கூடிய ஆழத்தில் நீந்துகின்றேன். வேகம் பாதியாகிவிட்டது. நீரைப் பற்றிய அறிவு பல மடங்காகிவிட்டது. இந்த அறிவு என்னுடையது மட்டுமல்ல. எந்த இடத்தில் மடு, எங்கே சேறு காலைப் பிடிக்கும், எந்தக் கண்டல் ஓரத்தில் முதலை நடமாட்டம், எந்த மாதத்தில் நீரோட்டம் திரும்பும் என்பன எங்கள் ஊரின் மூத்த மீனவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

அந்தப் பாடம் இன்று யாருக்கும் போய்ச் சேருவதில்லை. நான் நெஞ்சு பதறும் இடம் இதுதான். யுத்த காலத்தில் வாவியின் பல பகுதிகளில் இறங்கவே தடை இருந்தது. பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், நீரின் மீதான அச்சத்தை வீடுதோறும் விட்டுச் சென்றது. பிள்ளைகளை நீரண்டைக்கு விடாத தாய்மாரை நான் குறைசொல்லமாட்டேன். அவர்கள் இழந்தவற்றை நான் அறிவேன். ஆனால் விளைவு என்ன? நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊர்களில் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார்கள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. உலகெங்கும் 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது; அவர்களுள் நாலிலொரு பங்கினர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றார்கள். அவர்களை நாம் கதிரையில் இருத்தி வைத்திருக்கின்றோம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "இருதய நோய், சலரோகம், பிரஷர் உள்ளவர்கள் விழுந்தால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. மருத்துவரைக் கேட்காமல், துணையில்லாமல், உடலைப் பழக்காமல் எவரும் நீரிலும் இறங்க வேண்டாம், பனியிலும் இறங்க வேண்டாம். ஆனால் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று எண்ணுவோர் ஒன்றை உணர வேண்டும். வீழ்ந்து மரணிப்போரில் மிகப் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள்; அவர்கள் மலையில் வீழ்வதில்லை, பெரும்பாலும் குளியலறையிலும் வாசற்படியிலும்தான் வீழ்கின்றனர். 51 முதல் 75 வயதுக்கு இடைப்பட்டோரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதோர் அடுத்துவந்த வருடங்களில் இறக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. சமநிலை, பயன்படுத்தினால் இருக்கும், பயன்படுத்தாவிட்டால் போகும். முதியவரைக் காப்பதாக எண்ணி நாம் அவரிடமிருந்து பிடுங்குவது, அவரைக் காக்கக்கூடிய அந்தச் சமநிலையைத்தான்.

ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் லண்டனிலும் இருந்து இதனை வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே தோணி வலித்த அப்பாவை அங்கே அழைத்து, ஏழாம் மாடியில் வைத்து, வெளியே பனி வழுக்கும் என்று கதவைப் பூட்டி வைத்திருக்கின்றீர்கள். அவருக்குச் சாப்பாடு இருக்கின்றது, சூடு இருக்கின்றது, தொலைக்காட்சியில் நாடகம் இருக்கின்றது. கால்களுக்கு மட்டும் வேலையில்லை. உங்கள் நகரங்களிலுள்ள பொது நீச்சற் தடாகங்களில் மூத்தோருக்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். பேரப்பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு என்றால் தாத்தாவையும் கூட்டிச் செல்லுங்கள். காவலுக்கு அல்ல, நீந்துவதற்கு. முதல் நாள் வெட்கப்படுவார். அவரை நீரில் கண்டபின் உங்கள் பிள்ளைகள் அவரைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

ஊரில் உள்ளோரிடம் எனது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, அடுத்த சித்திரை விளையாட்டு விழாவிலிருந்து சங்கீதக் கதிரையை நீக்குங்கள். நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது வயதினருக்கு நடை, நீச்சல், தோணியோட்டம் என உண்மையான போட்டிகளை வயதுப் பிரிவுகளாக வையுங்கள், பெண்களுக்கும் வையுங்கள். முதலாவதாக வந்தவரைப் பார்த்துச் சிரிக்காமல் கைதட்டுங்கள். இரண்டாவது, வாவிக்கரையில் பாதுகாப்பான ஓரிடத்தைத் தெரிவுசெய்து, ஊரின் மூத்த மீனவர்களைச் சிறுவர்களுக்கான நீச்சல் ஆசான்களாக அமர்த்துங்கள். உயிர்காப்புப் பயிற்சி பெற்ற இளைஞரும் உடனிருக்கட்டும். ஆசானுக்கு ஒரு கொடுப்பனவும் இருக்கட்டும். பொன்னாடை வேண்டாம், காசு கொடுங்கள். மூன்றாவது, முதியோர் தினத்தன்று மண்டபத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் வாவிக்கரைக்கு வாருங்கள். பேச விரும்பும் பிரமுகர்கள் நடந்துகொண்டே பேசட்டும். பேச்சின் நீளமும் குறையும்.

இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அமைச்சரின் கையொப்பமும் தேவையில்லை. வயது நமக்குத் தரும் தண்டனையை வயதே தரட்டும். அதற்கு முன்னரே நாம் நீதிபதிகளாகித் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஒரு மனிதர் எப்போது உட்கார வேண்டும் என்பதை அவருடைய முழங்காலும் அவருடைய மருத்துவரும் அவரும் முடிவுசெய்யட்டும். நமக்கு அதில் வாக்குரிமை இல்லை.